லாம்பி வாங்கி வைத்த ஆயில்

நெவெனா அதைச் சாப்பாட்டு மேசையில்தான் சொன்னாள். டிசம்பர் தொடக்கம், வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. ரொட்டியைப் பிட்டு பீன்ஸ் குழம்பில் தோய்த்தபடி, யார் முகத்தையும் பார்க்காமல் பேசினாள்.

"புது வருஷம் முடிஞ்சதும் செப்பெலாரேலயே, ஸ்கூல் பக்கத்துல ஒரு ரூம் எடுத்துக்கலாம்னு இருக்கேன். வண்டி பெட்ரோலா குடிச்சுத் தள்ளுது. காலைல செல்ஃப் எடுக்க மாட்டேங்குது. தினமும் கணவாயைத் தாண்டிப் போய்ட்டு வர முடியலம்மா."

அவள் அம்மா ஸ்னேஜா என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. நான் என் தட்டில் இருந்த மிளகாய் ஊறுகாயை ரொம்ப அக்கறையாக ஆராய ஆரம்பித்தேன்.

என் பெயர் ராய்ச்சோ. இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பூகோள வாத்தியார். நெவெனாவுக்கும் ஒரு காலத்தில் நான்தான் பாடம் நடத்தினேன். மலை எது, ஆறு எது என்று வரைபடத்தில் குச்சி வைத்துக் காட்டிய அதே மனிதன், அவள் அப்பா லாம்பி இறந்து மூன்று வருஷம் கழித்து அவள் அம்மாவைக் கல்யாணம் செய்துகொண்டு, ஒரு பெட்டி, ஒரு உலக உருண்டை, ஒரு பழைய ரஷ்யக் கார் சகிதம் அவள் வீட்டுக்கே குடிவந்தால் அவள் என்ன செய்வாள்? பழையபடியே கூப்பிட்டாள். "சார், உப்பு." "சார், உங்க செருப்பு வழியில கிடக்கு." இரண்டு வருஷமாக நான் அந்த வீட்டில் சார். வகுப்பு முடிந்தும் வெளியே போகாத சார்.

சாப்பாடு முடிந்து நெவெனா மாடிக்குப் போனதும் ஸ்னேஜா தட்டுகளைக் கழுவிக்கொண்டே சொன்னாள்.

"அவ வண்டியால போகல, ராய்ச்சோ."

"பின்ன எதனால?"

"உனக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரிஞ்சதெல்லாம் பூகோளம் மட்டும்தான்."

"விளையாடாத. நீ வந்ததுக்கப்புறம் இது அவளுக்கு வீடா இல்ல. உன்னைக் குத்தம் சொல்லல. ஆனா அவ போயிட்டா, நான்தான் அவளை வெளில அனுப்பிட்டேன்னு சாகுற வரைக்கும் எனக்கு உறுத்தும்."

துடைத்த தட்டையே மறுபடி துடைத்துக்கொண்டு நின்றேன். நெவெனா போனால் ஸ்னேஜா என்னை விட்டுவிட மாட்டாள், அது தெரியும். ஆனால் ஒவ்வொரு ராத்திரியும் அந்தக் காலி நாற்காலியைப் பார்த்தபடி சாப்பிடுவாள். அதுவாவது பரவாயில்லை. அந்தப் பெண் வீட்டில் இருப்பது எனக்கும் வேண்டும். மாடிப்படியில் அவள் தடதடவென்று இறங்குகிற சத்தம் கேட்காமல் எனக்குக் காலை விடிந்தது போலவே இராது. இதை அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. வாத்தியாருக்கு வகுப்பில் சத்தம் போடத் தெரியும், இதெல்லாம் சொல்ல வராது.

ஆகவே நான் வண்டியைச் சரிசெய்வதென்று முடிவெடுத்தேன். வண்டியால் போகவில்லை என்று ஸ்னேஜா சொன்னாலும், வண்டி என்பது அவள் சொன்ன காரணம். அந்தக் காரணத்தைப் பிடுங்கிவிட்டால் அவள் வேறு காரணம் தேட வேண்டியிருக்கும் அல்லவா?

ஊரில் ஒவ்வொருவருக்கும் ஒரு பைத்தியம். ஒருவனுக்குத் தேனீ, ஒருவனுக்குக் காளான். எனக்கு மைலேஜ் பைத்தியம். எந்த வண்டி நூறு கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் குடிக்கிறது, ஏன் குடிக்கிறது, எப்படி அதன் வாயைக் கட்டுவது என்று காபிக் கடையில் ஆரம்பித்தேனென்றால் பக்கத்து மேசைக்காரர்கள் கோட்டை எடுத்து மாட்டிக்கொள்வார்கள். நெவெனாவின் வண்டியில் என்ன கோளாறு என்பதும் எனக்குத் தெரியும். முதல் குளிர்காலத்திலேயே தெரியும். அங்கேதான் சிக்கல்.

வீட்டு நிலவறையில், முட்டைக்கோஸ் ஊறுகிற பீப்பாய்க்கும் ஊறுகாய் ஜாடிகளுக்கும் நடுவில் ஒரு பெரிய தகர டின் இருந்தது. லாம்பி டாக்ஸி ஓட்டியவர். அவர் வைத்திருந்ததும் என்னுடையதைப் போலவே ஒரு ரஷ்யக் கார். அதற்காக நல்ல கெட்டி ஆயிலாகப் பார்த்து டின் நிறைய வாங்கி வைத்தார். வாங்கிய அந்த மாதமே மாரடைப்பில் போய்விட்டார். காரைத் துரு தின்று அதுவும் பழைய இரும்புக்குப் போய்விட்டது. டின் மட்டும் மிஞ்சியது. பிறகு நெவெனா சின்னதாக ஒரு ஜப்பான் கார் வாங்கினாள். அதற்கு ஆயில் மாற்ற வேண்டிய நாள் வந்தால் யாரையும் தொடவிடமாட்டாள். தானே அடியில் படுத்துப் பழையதை வடிப்பாள், தானே நிலவறைக்குப் போய் அப்பாவின் டின்னிலிருந்து முகந்து வருவாள். அன்றைக்கு முழுக்க அவள் யாரோடும் பேசமாட்டாள். ஸ்னேஜாவும் அந்தப் பக்கமே போகமாட்டாள்.

ஒரு நாள் அவள் ஆயில் ஊற்றும்போது வாசலில் நின்று பார்த்தேன். கழற்றி வைத்த இன்ஜின் ஆயில் மூடியின் மேலேயே அந்த வண்டிக்கு எந்த ஆயில் வேண்டுமென்று அச்சடித்திருந்தது: பூஜ்யம் - இருபது. லாம்பியின் டின்னில் பதினைந்து - நாற்பது. முன்னால் நிற்கிற எண் சின்னதாக இருந்தால் குளிரில் ஆயில் சுலபமாக ஓடும். பெரிதாக இருந்தால் கெட்டிப்படும். அவளுடைய குட்டி இன்ஜினுக்குள் எல்லா இடைவெளியும் மயிரிழை. அதில் போய்க் கெட்டி ஆயிலை ஊற்றினால், காலையில் அது முழங்கால் சேற்றில் நடக்கிறவனைப் போல ஒவ்வொரு சுற்றையும் முக்கி முனகித்தான் சுற்றும். பெட்ரோல் அதற்குத்தான் செலவாகிறது. செல்ஃப் எடுக்காததும் அதனால்தான்.

இதைச் சொல்ல ஒரு நிமிஷம் போதும். ஆனால் என்னவென்று சொல்வது? உன் அப்பா வாங்கி வைத்தது சரியில்லை, நான் சொல்கிறதை ஊற்று என்றா? அவர் நாற்காலியில் உட்கார்ந்து, அவர் மேசையில் சாப்பிட்டு, கடைசியில் அவர் டின்னையும் தூக்கி வெளியே வை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆகவே அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சொன்னேன்.

"டயர்ல காத்து கம்மி, நெவெனா. காத்து கம்மியா இருந்தா வண்டி இழுவையா இழுக்கும்."

"சரி சார், அடிச்சிக்கிறேன்."

"வண்டி மேல அந்தப் பனிச்சறுக்குக் கட்டை மாட்டுற கம்பி எதுக்கு? பனிச்சறுக்குக்கா போற? காத்தைப் பிடிச்சு நிறுத்துது அது."

"சரி சார், கழட்டிடறேன்."

"டிக்கியில என்ன வச்சிருக்க? குடித்தனமா?"

டிக்கியில் பாதிக் குடித்தனம்தான் இருந்தது. அவள் செப்பெலாரேயில் குழந்தைகள் பள்ளியில் வேலை பார்க்கிறாள். கால் உடைந்த குட்டி நாற்காலி, காய்ந்த பெயின்ட் டப்பாக்கள், போன வருஷத்துக் காகித மீன்கள், அப்பாவின் காருக்கானதும் இந்தக் காருக்குப் பொருந்தாததுமான ஒரு ஜாக்கி. எல்லாவற்றையும் இறக்க வைத்தேன். அப்பாவின் டின்னிலிருந்து முகந்து வைத்த ஒரு ஆயில் பாட்டிலை மட்டும் மறுபடி உள்ளே வைத்தாள். நான் கண்டும் காணாமல் இருந்தேன்.

கடைசியாக என் பிரம்மாஸ்திரத்தை எடுத்தேன்.

"இறக்கத்துல நியூட்ரல்ல போட்டு உருட்டு. ரோஜென் கணவாய்லேர்ந்து நான் இப்படித்தான் வருவேன். சொட்டு பெட்ரோல் செலவாகாது."

"சார், அது உங்க வண்டில. என் வண்டில கியர்ல விட்டுட்டுக் காலை எடுத்தாலே பெட்ரோல் நின்னுடும். நியூட்ரல்ல போட்டாதான், அணையாம இருக்கிறதுக்குன்னு குடிக்க ஆரம்பிக்கும்."

"யார் சொன்னா?"

"முன்னாடி திரையில காட்டுது. அதோட, அந்த வளைவுல நியூட்ரல்ல போட்டு வெறும் பிரேக்கை நம்பி இறங்குறீங்களா? அம்மாவுக்குத் தெரியுமா?"

அம்மாவுக்குத் தெரியாது. அன்று முழுக்க நான் மைலேஜைப் பற்றிப் பேசவில்லை. காபிக் கடையில் எனக்கு உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார்கள்.

இதற்கெல்லாம் பலன் இல்லாமல் இல்லை. பெட்ரோல் செலவு கொஞ்சம் குறைந்தது. ஆனால் காலையில் அந்த முனகல் அப்படியே இருந்தது. நான் படுக்கையில் கிடந்தபடி கேட்பேன். செல்ஃப் ஒரு தரம் முக்கும், நிற்கும், மறுபடி முக்கும். பக்கத்தில் ஸ்னேஜாவும் விழித்துக்கொண்டுதான் கிடப்பாள். வண்டி கிளம்பிப் போனதும் இரண்டு பேரும் மூச்சு விடுவோம்.

என் வண்டியின் கதையையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நியாயமில்லை. மெல்லிய ஆயில் பெட்ரோலை மிச்சப்படுத்தும் என்று ஏதோ பத்திரிகையில் படித்தேன். படித்தது நிஜம்தான். அதற்கென்று செய்த இன்ஜினுக்கு நிஜம். நானோ இருப்பதிலேயே விலை கூடிய மெல்லிய ஆயிலை வாங்கி, தேய்ந்துபோன என் கிழட்டு ரஷ்ய இன்ஜினுக்குள் ஊற்றினேன். அன்றிலிருந்து அதன் பின்னால் நீலப் புகை. ஸ்னேஜா கொடியில் துணி காயப்போட்டிருந்தால் என்னை வண்டி எடுக்க விடமாட்டாள்.

"அது நீராவி" என்பேன்.

"நீராவியில எங்கடா மண்ணெண்ணெய் நாத்தம் வரும்?" என்பாள். கோபம் வந்தால் அவளுக்கு நான் 'டா'.

கிறிஸ்துமஸ் நெருங்கியது. குழந்தைகள் பள்ளியில் விழா. நெவெனா இரண்டு வாரமாக உட்கார்ந்து அட்டையும் பஞ்சும் ஒட்டி குழந்தைகள் மாட்டிக்கொள்ள ஆட்டு முகங்கள் செய்திருந்தாள். விழா அன்று காலையில் மைனஸ் பதினெட்டு. அவள் சாவியைத் திருப்பினாள். வண்டி ஒரு தரம் முனகியது. இரண்டாம் தரம் பாதி முனகியது. அதன் பிறகு டக் டக் என்று மட்டும் கேட்டது. பேட்டரியும் படுத்துவிட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஸ்டியரிங் மேல் தலையைச் சாய்த்து அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

பைஜாமா மேலேயே கோட்டை மாட்டிக்கொண்டு இறங்கினேன்.

"வா, என் வண்டியில போலாம்."

அவள் என் வண்டியைப் பார்த்தாள்.

"ஏறி இறங்கிடுமா சார்?"

"உனக்குப் பல்லு முளைக்கிறதுக்கு முன்னாடியே ரோஜெனைத் தாண்டின வண்டி இது."

முதல் திருப்பிலேயே கிளம்பியது. மெல்லிய ஆயில் ஆயிற்றே, குளிருக்கு அது அசரவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆட்டு முகங்களை டிக்கியிலும் பின் சீட்டிலும் அடுக்கினோம். ஸ்னேஜா செம்புப் பானையோடு வந்தாள். நெவெனாவுக்கு முக்கியமான நாள், ஊர் வழக்கப்படி வழியனுப்பத் தண்ணீர் ஊற்றாமல் விடுவாளா? மைனஸ் பதினெட்டில் வாசலில் தண்ணீர் ஊற்றினால் அடுத்து வருகிறவன் மல்லாக்க விழுவான் என்று வருஷா வருஷம் சொல்கிறேன்.

"தள்ளு. தண்ணி மாதிரி தடையில்லாம ஓடட்டும்" என்று சொல்லிக்கொண்டே வண்டிக்குப் பின்னால் பானையைக் கவிழ்த்தாள்.

தண்ணீர் வண்டிக்கு அடியில் ஓடியது. வெளியே வந்தபோது வானவில் நிறத்தில் வந்தது. கூடவே பனி மேல் பழுப்பாக ஒரு கறை பரவியது.

நெவெனா குனிந்து பார்த்தாள். "சார், உங்க வண்டி ஆயில் ஒழுகுது."

"அது பழைய கறை."

"நேத்து பேஞ்ச பனி மேல பழைய கறையா?"

"நேரமாகுது, ஏறு."

அவள் தன் வண்டிக்குத் திரும்பிப் போய் டிக்கியைத் திறந்து, அந்த ஆயில் பாட்டிலை எடுத்து வந்து என் டிக்கியில் ஆட்டு முகங்களுக்கு நடுவே செருகினாள். பிறகு ஏறிக் கதவைச் சாத்தினாள். என் வண்டிக் கதவை இரண்டு தரம் சாத்த வேண்டும். அதுவும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

மேடு ஏறும்வரை நான் என் வண்டியின் புகழைப் பாடிக்கொண்டே வந்தேன். கணவாயின் கடைசி வளைவுகளில் ஸ்டியரிங்குக்கு எதிரில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. வளைவு முடிந்ததும் அணைந்தது. அடுத்த வளைவில் மறுபடி எரிந்தது.

"சார், ஆயில் விளக்கு."

"அது அப்பப்போ கண்ணடிக்கும்."

"நிறுத்துங்க சார்."

"மேல போய்—"

"நிறுத்துங்க!"

டாக்ஸிக்காரர் மகளின் குரல் அது. வகுப்பில் நான்கூட அப்படி அதட்டியதில்லை. ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணைத்தேன். அவளே பானெட்டைத் திறந்து, அளவுக் குச்சியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்தாள். நுனியில் ஒரே ஒரு சொட்டு தொங்கியது. அதை விரலில் தேய்த்துப் பார்த்தாள்.

"என்ன சார் ஊத்தியிருக்கீங்க இதுல? தண்ணியா?"

சொன்னேன். ஆயிலின் பெயரையும் சொன்னேன். விலையைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கியது.

அவள் சிரித்தாள். அடக்கப் பார்த்து முடியாமல் சிரித்தாள். பனியில் மூக்கு சிவந்து, பானெட்டைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். எங்கள் வீட்டில் அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதே இல்லை.

"தேஞ்ச இன்ஜினுக்குப் போய் இதை யாராவது ஊத்துவாங்களா? சீல் எல்லாம் தளர்ந்து கிடக்கும். பாதி ஒழுகும், பாதி எரியும். இந்த வண்டிக்குக் கெட்டி ஆயில்தான் சார். அப்பா வண்டியும் இதேதானே."

அப்பா என்ற வார்த்தை வந்ததும் சிரிப்பு நின்றது. டிக்கியிலிருந்து பாட்டிலை எடுத்து வந்தாள். ஊற்றும் மூடியைக் கழற்றிவிட்டுப் பாட்டிலைச் சாய்த்தாள். ஆயில் வரவில்லை. ராத்திரி முழுக்க வெளியே கிடந்து விறைத்திருந்தது. வாய் வரைக்கும் மெதுவாக வந்து, அங்கேயே யோசித்துக்கொண்டு நின்றது. குலுக்கினாள். அப்போதும் நூலாகத்தான் இறங்கியது.

"இன்ஜின் மேல வை, சூடா இருக்கு" என்றேன்.

"பாட்டில் உருகிடும்."

வண்டிக்குள் ஏறிக்கொண்டோம். அவள் கோட்டின் பொத்தான்களைக் கழற்றி, அந்தப் பாட்டிலை வயிற்றோடு வைத்து மறுபடி மூடிக்கொண்டாள். குளிரில் ஒரு தரம் உடம்பு சிலிர்த்தது. பின் சீட்டிலிருந்து ஆடுகள் எல்லாம் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"சார்."

"ம்."

"என் இன்ஜினுக்குள்ளயும் காலைல இப்படித்தான் இருக்குமா?"

இரண்டு வருஷமாக நான் காத்திருந்த கேள்வி. பதில் ஒரு வார்த்தை. நான் கையுறையில் தொங்கிய நூலைப் பிய்த்தேன்.

"சொல்லுங்க சார்."

"ஆமாம்மா. இன்னும் மோசமா இருக்கும். உன்னோடது சின்ன இன்ஜின். மூடியிலயே போட்டிருக்கு. அதுக்கு மெல்லிசு வேணும்."

"உங்களுக்கு எப்போலேர்ந்து தெரியும்?"

"முதல் குளிர்காலத்துலேர்ந்து."

"டயர்னு சொன்னீங்க. கம்பின்னு சொன்னீங்க. டிக்கியக் காலி பண்ண வச்சீங்க. இதை மட்டும் ஏன் சொல்லல?"

"அது உங்கப்பாவோட டின். அதைத் தொட நான் யாரு?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கண்ணாடி பூராவும் எங்கள் மூச்சு படிந்து வெளியே எதுவும் தெரியவில்லை.

"அம்மாவும் இப்படித்தான்" என்றாள். "அப்பா பேரை எடுத்தா ரூமை விட்டுப் போயிடறா. நீங்க அவர் நாற்காலியில நுனியில உட்கார்றீங்க, எப்ப வேணாலும் எந்திரிக்கிற மாதிரி. நான் வந்தா ரெண்டு பேரும் பேச்சை நிறுத்திடறீங்க. வீட்ல நான் என்ன, உடைஞ்ச சாமானா? அதான் சார் போறேன்னேன். நீங்க வந்ததுனால இல்ல. யாரும் என்கிட்ட சாதாரணமா ஒரு வார்த்தை பேசறதில்ல. அதனாலதான்."

இத்தனை நாளும் அவளை நோகடிக்கக் கூடாதென்று நாங்கள் இரண்டு பேரும் கால்விரலில் நடந்தோம். அந்த நடைதான் அவளை வெளியே தள்ளிக்கொண்டிருந்தது.

"அப்போ அப்பா வாங்கினது தப்பா?" என்று கேட்டாள். குரல் சின்னப் பெண்ணின் குரலாகியிருந்தது. கோட்டுக்குள் பாட்டிலை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"தப்பே இல்ல. அவர் வண்டிக்கு இதைவிட நல்ல ஆயில் கிடையாது. பார்த்துத்தான் வாங்கியிருக்கார்."

"என் வண்டிக்கு?"

"உன் வண்டியை அவர் பார்க்கவே இல்லையேம்மா. பார்த்திருந்தார்னா மூடியைத்தான் முதல்ல படிச்சிருப்பார். மெல்லிசு வாங்கிட்டு வந்து அவரே ஊத்தியிருப்பார்."

அவள் அழுதாள். எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. என் கம்பளிக் கையுறையைக் கழற்றிக் கொடுத்தேன். அதில் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். துடைத்த பிறகு அதைப் பார்த்து, "பெட்ரோல் நாத்தம்" என்றாள்.

பாட்டில் இளகியிருந்தது. இறங்கிப் போய் ஊற்றினாள். இப்போது ஆயில் தடுமாறாமல் இறங்கியது. பாதியில் ஒரு நொடி நிறுத்தினாள். அவளுடைய அப்பாவின் ஆயிலை என் வண்டிக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. போதும், மிச்சத்தை வைத்துக்கொள் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் கவனிக்கவே இல்லை. கடைசிச் சொட்டு வரை சாய்த்துப் பிடித்துவிட்டு மூடியைத் திருகினாள்.

"இப்ப எடுங்க. வளைவுல மெதுவா. நியூட்ரல்ல போட்டீங்கன்னா இறங்கி நடந்துடுவேன்."

விழாவுக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் போனோம். ஆடுகள் எல்லாம் பாடின. ஒரு ஆடு நடுவில் அம்மாவைத் தேடி இறங்கி ஓடிவிட்டது. நான் பைஜாமா தெரியாமல் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கடைசி வரிசையில் நின்று கை தட்டினேன்.

அன்று இரவு சாப்பிடும்போது நெவெனா அம்மாவிடம் கணவாயில் நடந்ததையெல்லாம் சொன்னாள். "அப்பா இருந்திருந்தா சாரை ஒரு வாரம் ஓட்டு ஓட்டுன்னு ஓட்டியிருப்பார்" என்றாள். ஸ்னேஜா வழக்கம்போல எழுந்தாள். எழுந்தவள் எங்கே போவதென்று தெரியாதவளாக நின்று, மறுபடி உட்கார்ந்தாள்.

"ஒரு வாரமா? ஒரு மாசம் ஓட்டியிருப்பான்" என்றாள். பிறகு லாம்பி ஒரு தரம் டாக்ஸியில் பெட்ரோலுக்குப் பதில் டீசலை ஊற்றிக்கொண்டு வந்து நின்ற கதையைச் சொன்னாள். அந்த வீட்டில் நான் கேட்ட முதல் லாம்பி கதை அது. நன்றாக இருந்தது. நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து கேட்டேன்.

அந்தச் சனிக்கிழமை வெயில் அடித்தது. கூரையிலிருந்து பனி உருகிச் சொட்டியது. நான் கடைக்குப் போய் நெவெனாவின் மூடியில் போட்டிருந்த அதே எண்ணில் ஆயில் வாங்கி வந்தேன். அவள் தன் வண்டிக்கு அடியில் படுத்துப் பழையதை வடித்தாள், புதியதை ஊற்றினாள், சார்ஜ் ஏற்றிய பேட்டரியை மாட்டினாள், சாவியைத் திருப்பினாள். முனகலே இல்லை. உடனே பிடித்துக்கொண்டது. அவள் ஸ்டியரிங்கைத் தட்டிக் கொடுத்தாள். எனக்குச் சத்தம் போட்டுக் கூத்தாடலாம் போல இருந்தது. வாத்தியார் ஆகையால் தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"இப்ப உங்க வண்டி" என்றாள்.

என் வண்டியிலிருந்தும் வடித்தாள். வடிந்ததைப் பார்த்து ஏதோ முணுமுணுத்தாள், நல்ல வார்த்தை இல்லை. பிறகு இரண்டு பேருமாக நிலவறைக்குப் போய் லாம்பியின் டின்னை ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து மேலே தூக்கி வந்தோம். பாதிக்கு மேல் இருந்தது. மூடியில் படிந்திருந்த தூசியைக் கையாலேயே துடைத்தாள்.

"குளிர்ல கொஞ்சம் முனகும் சார். ஆனா ஒழுகாது."

"முனகட்டும். எனக்கும் முனகல் உண்டு."

அவள் ஒரு தகரப் புனலை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"அப்பா ஊத்துவார், நான்தான் புனல் பிடிப்பேன். ஆடுச்சுன்னா திட்டு விழும். இப்ப நீங்க பிடிங்க."

பிடித்தேன். அவள் டின்னை மடியில் சாய்த்துக்கொண்டு மெல்ல ஊற்ற ஆரம்பித்தாள். வெயிலில் அந்த ஆயில் பொன்னிறமாக இறங்கியது. அவளுடைய முழுக் கவனமும் அதன் மேல் இருந்தது. தலையை நிமிர்த்தாமலே பேசினாள்.

"செப்பெலாரே வீட்டுக்காரம்மாகிட்ட ரூம் வேண்டாம்னு போன் பண்ணிட்டேன்."

புனலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"அம்மாவுக்கு இன்னும் தெரியாது. நீங்களே போய்ச் சொல்லுங்க சார்."

சமையலறையில் ஸ்னேஜா பாலாடைக்கட்டி வைத்துச் சுடுகிற பனிட்சாவுக்கு மாவு விரித்துக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது. எனக்கு அந்த நொடியே உள்ளே ஓட வேண்டும் போல இருந்தது. அந்தப் பக்கம் திரும்பியதில் புனல் ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

"ஆடாம பிடிங்க" என்று நெவெனா அதட்டினாள். "ஊத்தி முடிஞ்சதும் போகலாம்."